பயிலரங்குக்கு 38 பேர், அடுத்த உரைக்கு 11 பேர்: எங்கே கோட்டை விட்டோம்?

கம்பிச்சுருள் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கொஞ்சம் நீளமான புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குழு தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. மென்பொருள் ஆட்கள் பாதி, மின்னணுப் பலகையில் கைவைப்பவர்கள் பாதி. ஒரு மாதம் உரை, மறுமாதம் பயிலரங்கு என்று மாற்றி மாற்றி நடத்துகிறோம். போன மாதம் ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள, நிரல் ஏற்றக்கூடிய குட்டி மின்னணுப் பலகை) பயிலரங்கு. 38 பேர் வந்தார்கள். நாற்காலி போதாமல் சிலர் சுவரோரம் தரையில் உட்கார்ந்தார்கள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த மாத உரைக்கு வந்தவர்கள் 11 பேர். அதில் நான்கு பேர் ஏற்பாட்டாளர்கள்.

பயிலரங்கு சொதப்பியது உண்மைதான். காகிதத்தில் போட்ட திட்டப்படி 15-ஆவது நிமிடத்தில் எல்லோருடைய எல்இடியும் மின்னியிருக்க வேண்டும். பிறகு வெப்ப உணரி, வைஃபை, கடைசியில் கைபேசியில் வெப்பநிலையைக் காட்டும் ஒரு குட்டி வலைப்பக்கம். முதல் எல்இடி மின்னவே ஒரு மணி ஐந்து நிமிடம் ஆனது. அதுவும் என்னுடையது. வலைப்பக்கம் வரை போய்ச் சேர்ந்தவர்கள் ஆறு பேர்.

ஆனால் கிளம்பும்போது எல்லோரும் "நன்றாக இருந்தது" என்றுதான் சொன்னார்கள். கருத்துப் படிவத்திலும் நான்கு, ஐந்து நட்சத்திரம். அங்கேதான் குழப்பம். பிடித்திருந்தால் உரைக்கு ஏன் வரவில்லை? அடுத்த மாதம் மறுபடி பயிலரங்கு. என்ன மாற்றலாம்?

மல்டிமீட்டர்

ஒரே ஒரு கேள்வி. யூஎஸ்பி கேபிள் யார் கொண்டுவந்தது?

கம்பிச்சுருள்

அவரவர் கொண்டுவந்ததுதான். "கைபேசி சார்ஜர் கேபிள் போதும்" என்று அறிவிப்பிலேயே எழுதியிருந்தேன்.

மல்டிமீட்டர்

கதை அங்கேயே முடிந்துவிட்டது.

சார்ஜ் ஏற்றுவதற்கென்றே வரும் கேபிள்கள் சிலவற்றில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகள் மட்டும்தான் இருக்கும். தரவு போகும் கம்பிகள் இருக்காது. வேடிக்கை என்னவென்றால், அதில் போர்டைச் செருகினாலும் போர்டின் சிவப்பு விளக்கு ஜம்மென்று எரியும். விளக்கு எரிந்ததும் கேபிள் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. டிரைவரை (கணினி போர்டோடு பேச உதவும் மென்பொருளை) திட்டுவார்கள், கணினியை அணைத்துப் போடுவார்கள், கடைசியில் "எனக்கும் எலெக்ட்ரானிக்ஸுக்கும் ராசி இல்லை" என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

நான் நடத்திய முதல் பயிலரங்கில் ஒரு மாணவிக்கு மூன்று முறை டிரைவரை நிறுவிக் கொடுத்தேன். கணினியில் போர்ட் (போர்டு இணையும் முனை) பட்டியல் காலியாகவே இருந்தது. நாற்பது நிமிடம். பக்கத்தில் இருந்த பையன் தன் வேலை முடிந்து கேபிளைக் கழற்றி வைத்தான். அந்தப் பெண் சும்மா எடுத்துச் செருகிப் பார்த்தாள். உடனே போர்ட் வந்தது. நான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

இப்போது என்னிடம் ஒரு கேபிள் பெட்டி இருக்கிறது. ஒவ்வொன்றையும் வைத்துக் கைபேசியைக் கணினியோடு இணைத்துப் பார்ப்பேன். கோப்புகள் தெரிந்தால் கேபிளில் பச்சை டேப். தெரியாவிட்டால் கத்தரிக்கோல். வெட்டித்தான் போட வேண்டும். "சார்ஜுக்காவது ஆகுமே" என்று எடுத்து வைத்தால், அடுத்த பயிலரங்கில் அதே கேபிள் யார் பையிலிருந்தாவது திரும்பி வரும்.

அப்புறம், போர்டில் உள்ள யூஎஸ்பி சிப் சிஎச்340-ஆ, சிபி2102-ஆ என்று முன்பே பார்த்து அதற்குரிய டிரைவரைக் கையில் வைத்திருங்கள். லினக்ஸில் டிரைவர் பெரும்பாலும் கூடவே இருக்கும். ஆனால் டெபியன் வழிவந்த பதிப்புகளில் பயனர் 'டயல்அவுட்' குழுவில் இல்லையென்றால் போர்ட்டைத் திறக்க அனுமதி கிடைக்காது. குழுவில் சேர்த்தால் மட்டும் போதாது, ஒருமுறை வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். இந்தக் கடைசி வரியை மறந்துவிட்டு நானே கால் மணி நேரம் முழித்திருக்கிறேன்.

நள்ளிரவு_கம்பைலர்

கேபிள் ஒரு பக்கம் இருக்கட்டும். ஈஎஸ்பி32-க்கான போர்டுத் தொகுப்பை (அதற்கு நிரல் எழுதத் தேவையான மென்பொருளை) எல்லோரும் அங்கே வந்துதான் இறக்கினார்களா? கம்பைலர் உட்பட அது சில நூறு எம்பி வரும். ஆளுக்கு 300 எம்பி என்று குறைவாகவே வைத்தாலும் 38 பேருக்கு 11.4 ஜிபி. 50 எம்பிபிஎஸ் இணைப்பு ஒரு பிட் சிந்தாமல் முழுதாகக் கிடைத்தாலும் அரை மணி நேரம். ஒரே ரௌட்டரில் 38 மடிக்கணினி, 38 கைபேசி தொங்கும்போது முழுதாக எங்கே கிடைக்கும்? 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். பக்கத்து அறை வைஃபையும் அதே மூன்றில்தான் இருக்கும். போதாக்குறைக்கு ஈஎஸ்பி32 போர்டுக்கு 2.4-ஐ விட்டால் வேறு கதியும் இல்லை.

நாங்கள் மூன்று பென்டிரைவ் வைத்திருக்கிறோம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் நிறுவல் கோப்புகள். பைத்தான் நிரல்மொழிப் பயிலரங்கு என்றால் பிப் தொகுப்புகளை (அதற்கான கூடுதல் மென்பொருள்களை) முன்பே இறக்கி, இணையம் இல்லாமலே நிறுவும்படி ஒரு அடைவில் போட்டுவிடுவோம். எதுவும் நிறுவாத புதுக் கணினி ஒன்றில் இணையத்தைத் துண்டித்துவிட்டு முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். பயிலரங்கு நடத்துபவரின் கணினியில் சோதிப்பது சோதனையே இல்லை. அவர் கணினியில் எல்லாம் எப்போதோ நிறுவியாயிற்று.

பழையபலகை

நீங்கள் எல்லோரும் சேர்ந்து பயிலரங்கைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். தம்பி கேட்டது உரைக்கு ஏன் ஆள் வரவில்லை என்று.

தம்பி, அந்த உரையின் தலைப்பு என்ன? எத்தனை ஸ்லைடு?

கம்பிச்சுருள்

"மைக்ரோசர்வீஸ் கட்டமைப்பு: ஓர் அறிமுகம்". பேசியவர் பெரிய பொறுப்பில் இருக்கிறார், நல்ல அனுபவசாலி. ஸ்லைடு... 90-க்கு மேல் இருக்கும் ஐயா.

பழையபலகை

நினைத்தேன்.

'ஓர் அறிமுகம்' என்று முடிகிற தலைப்புக்கு யாரும் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார்கள். அறிமுகம் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது, வேண்டிய இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். நேரில் வருவதற்கு ஒரே காரணம், வேறெங்கும் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்க வேண்டும். அது ஒருவர் தன் கையால் கெடுத்துக்கொண்டு, தன் கையால் சரிசெய்த கதை.

எங்கள் குழுவில் இத்தனை வருடத்தில் எனக்கு நன்றாக நினைவிருக்கும் உரை ஒன்று உண்டு. பேசியவர் மேடை ஏறியதே இல்லாதவர். தோட்டத்துத் தண்ணீர் மோட்டாருக்கு ஆர்டுயினோ (நிரல் ஏற்றக்கூடிய இன்னொரு குட்டிப் பலகை) வைத்து ஒரு டைமர் செய்திருந்தார். போட்டால் இருபது நிமிடம் ஓடி நிற்கும். ஒன்றரை மாதம் ஒழுங்காக வேலை செய்தது. ஒரு நாள் மாலை, போட்ட வேகத்திலேயே மோட்டார் நின்றது. மறுபடி போட்டார், மறுபடி நின்றது. பெட்டியைத் திறந்து திருப்புளியோடு உட்கார்ந்தார். அரை மணி கழித்துப் போட்டுப் பார்த்தால், ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. கம்பியில்தான் கோளாறு என்று ரிலேயை (மோட்டாரைப் போட்டு நிறுத்தும் சுவிட்சை) மாற்றினார். ஏழு வாரம் கழித்து அதே கதை.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டார். அரங்கமே துப்பறியக் கிளம்பிவிட்டது. மின்னழுத்தம் என்றார் ஒருவர், ஈரம் என்றார் இன்னொருவர். கடைசியில் பின்னால் இருந்த ஒரு பெண் "49 நாளா?" என்று மட்டும் கேட்டார்.

அதேதான். போர்டு தொடங்கியதிலிருந்து ஓடிய மில்லிவிநாடிகளை 32 பிட்டில் எண்ணுகிறது. 49.7 நாளில் எண் நிரம்பி, பூஜ்யத்துக்குத் திரும்பும். இவர் 'இப்போதைய நேரம், தொடங்கிய நேரமும் இருபது நிமிடமும் சேர்ந்ததைத் தாண்டிவிட்டதா' என்று கூட்டி எழுதியிருந்தார். எண் நிரம்புவதற்கு முந்தைய இருபது நிமிடத்துக்குள் மோட்டாரைப் போட்டால், கூட்டல் நிரம்பி வழிந்து ஒரு குட்டி எண் ஆகிவிடும். 'தாண்டிவிட்டது' என்று உடனே நின்றுவிடும். 'இப்போதைய நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்தால் இருபது நிமிடம் ஆகிறதா' என்று கழித்து எழுதியிருந்தால் எண் சுற்றி வந்தாலும் விடை சரியாகவே இருக்கும். ஒரே ஒரு வரி மாற்றம்.

ஸ்லைடு மொத்தம் நான்கு. ஒன்றில் மோட்டாரின் புகைப்படம். அன்றைக்கு அரங்கைப் பூட்ட வேண்டும் என்று காவலர் வந்து நின்ற பிறகுதான் கலைந்தோம்.

அரைப்புள்ளி

பழையபலகை ஐயா சொல்வதோடு முழுதும் உடன்படுகிறேன், ஆனால் நடைமுறையில் ஒரு சிக்கல். அந்த மோட்டார்காரர் போன்றவர்கள் தாமாக முன்வர மாட்டார்கள். "பேசுகிறீர்களா?" என்று கேட்டால் "எனக்கு என்ன தெரியும்" என்பார்கள். நாற்பது நிமிடம் என்றால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும்.

நான் முதலில் பேசியது ஐந்து நிமிடம். அதுவும் ஒருவர் என்னிடம் "பேசுகிறீர்களா" என்று கேட்காமல், "போன வாரம் சொன்னீர்களே, அந்த எழுத்துப் பிரச்சினை, அதை அப்படியே இங்கே சொல்லுங்கள்" என்றதால். பிரச்சினை இதுதான்: 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? கண்ணுக்கு மூன்று. பைத்தானிடம் நீளம் கேட்டால் 5. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமித்தால் 15 பைட். அதே சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னால் புள்ளி அந்தரத்தில் ஒரு வட்டத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும், இகரம் ம-வை விட்டு ழ-வில் ஒட்டிக்கொண்டு 'ழி' ஆகிவிடும், பின்னால் 'மத' என்று வரும். திரையில் அதைக் காட்டியதும் அரங்கம் சிரித்தது. பெயருக்கு எழுத்து வரம்பு வைத்த படிவங்களில் நம் பெயர்கள் ஏன் பாதியில் வெட்டுப்படுகின்றன என்று சொல்லி முடித்தேன். நாலே முக்கால் நிமிடம்.

அப்புறம் இரண்டு பேர் வந்து தங்கள் நிரலிலும் அதே கோளாறு இருப்பதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய், ஆனால் கை நடுங்கவில்லை.

ஒரு பெரிய உரைக்குப் பதில் மூன்று குட்டி உரை வைத்துப் பாருங்கள். பேசுகிற மூவரும் தலைக்கு ஒரு நண்பரையாவது அழைத்து வருவார்கள், அதுவும் ஒரு லாபம்.

பின்வரிசை

இந்தத் தளத்தில் இதுதான் என் முதல் பதிவு. இதைப் போன்ற ஒரு பயிலரங்குக்குப் போய்விட்டு மறுபடி அந்தப் பக்கமே போகாத ஆள் நான். அதனால் சொல்லலாம் என்று தோன்றியது.

அன்று நடத்தியவர் மூன்றாவது படி முடிந்ததும் "எல்லோருக்கும் வந்துவிட்டதா?" என்று கேட்டார். முன்வரிசையில் மூன்று பேர் "வந்துவிட்டது" என்றார்கள். அவர் நான்காவது படிக்குப் போய்விட்டார். என் திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு பிழை. கையைத் தூக்கினால் எனக்காக முப்பது பேர் காத்திருக்க வேண்டும். தூக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் தட்டச்சு செய்வது போல நடித்துக்கொண்டிருந்தேன்.

படிவத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டேன். அவர்கள் பாவம், நிறைய உழைத்திருந்தார்கள். பிரச்சினை என்னுடையது என்றுதான் அப்போது நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து மறுநாள் கண்டுபிடித்தேன். ஒரு மேற்கோள்குறி. ஸ்லைடிலிருந்து நிரலை நகலெடுத்தபோது நேர் மேற்கோள்குறிக்குப் பதில் வளைந்த மேற்கோள்குறி வந்திருந்தது. ஸ்லைடு மென்பொருள் அதை அழகுபடுத்துகிறதாம்.

கம்பிச்சுருள்

இதைப் படித்துவிட்டு என் ஸ்லைடுகளைத் திறந்து பார்த்தேன். எல்லா மேற்கோள்குறியும் வளைந்துதான் இருக்கிறது.

நள்ளிரவு_கம்பைலர்

பின்வரிசை, நல்ல வேளை எழுதினீர்கள். நட்சத்திரங்களின் அர்த்தம் இப்போதுதான் புரிகிறது.

இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. அறிவியல் ஆய்வாளர்களுக்கு நிரலாக்கம் சொல்லித்தரும் சாஃப்ட்வேர் கார்ப்பென்ட்ரி என்று ஒரு திட்டம், 1998-ல் தொடங்கியது. அவர்களுடைய பயிலரங்குகளில் ஆளுக்கு இரண்டு நிற ஒட்டுத்தாள் கொடுப்பார்கள். படி முடிந்தால் ஒரு நிறத்தை மடிக்கணினி மூடியின் மேல் ஒட்ட வேண்டும், மாட்டிக்கொண்டால் மற்ற நிறத்தை, சிவப்பு என்று வையுங்கள். யாரும் கையைத் தூக்க வேண்டாம், வாய் திறக்க வேண்டாம். நடத்துபவர் நிமிர்ந்து பார்த்தாலே அறை முழுக்க எங்கே சிவப்பு என்று தெரியும். உதவியாளர் அங்கே போய் நிற்பார்.

நாங்கள் இதைச் செய்யத் தொடங்கிய அன்று எனக்கு வந்த அதிர்ச்சியை மறக்க முடியாது. எல்லாம் சுமூகமாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்தேன். பாதி அறை சிவப்பு. இத்தனை நாள் இப்படித்தான் இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

நிரலை ஸ்லைடில் காட்டாமல் எல்லோர் முன்னும் தட்டச்சு செய்து காட்டுவதும் அவர்களிடம் கற்றதுதான். தட்டச்சு வேகம் கற்பவர்களின் வேகத்தோடு ஒத்துப்போகும். நமக்கும் பிழை வரும், அதை எப்படித் தேடுகிறோம் என்பதை அவர்கள் பார்ப்பார்கள். எனக்கு அரைப்புள்ளி விட்டுப்போகும்போதெல்லாம் அறையில் ஒரு நிம்மதி பரவுவதைப் பார்த்திருக்கிறேன்.

அரைப்புள்ளி

என்னைத்தான் விட்டுவிட்டீர்கள் போல.

சுருக்குவழி

எல்லாவற்றையும் காணொளியாகப் பதிவு செய்து போட்டுவிட்டால் வராதவர்களும் பார்ப்பார்களே? ஏன் யாரும் சொல்லவில்லை?

அரைப்புள்ளி

முதல்முறை பேசுபவரிடம் கேமராவைக் காட்டிப் பாருங்கள், அடுத்த நாள் "உடம்பு சரியில்லை" என்று செய்தி வரும். அதே மாதிரி அலுவலகத்தில் எதை உடைத்தோம் என்ற கதை கேமராவுக்கு முன் வரவே வராது. பேசுபவர் விரும்பினால் பதிவு செய்யலாம். கேள்வி நேரத்தைப் பதிவு செய்யவே கூடாது என்பது என் கட்சி.

சுருக்குவழி

வராதவர்களைப் பற்றிக் கவலையே இல்லையா? உடல்நிலை, குழந்தை, வேலை நேரம் என்று வர முடியாதவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

அரைப்புள்ளி

அது நியாயம்தான். உரைக்குப் பிறகு நிரலையும் ஒரு பக்கக் குறிப்பையும் போடலாம். அதற்கு மேல் எனக்கு விடை தெரியவில்லை.

நள்ளிரவு_கம்பைலர்

வன்பொருள் தலைவலியே இல்லாத ஒரு வகையும் இருக்கிறது: கோட் ரிட்ரீட். 2009-ல் தொடங்கிய வழக்கம். கணக்கு எப்போதும் ஒன்றே, கணிதவியலாளர் கான்வேயின் 'கேம் ஆஃப் லைஃப்', கட்டங்கள் பிழைப்பதும் இறப்பதுமான விளையாட்டு. உயிருள்ள கட்டத்துக்கு இரண்டு அல்லது மூன்று உயிருள்ள அண்டைக் கட்டங்கள் இருந்தால் பிழைக்கும். இறந்த கட்டத்துக்குச் சரியாக மூன்று இருந்தால் உயிர் வரும். இரண்டு பேராக உட்கார்ந்து 45 நிமிடம் எழுத வேண்டும். மணி அடித்ததும் நிரலை அழித்துவிட்டு, ஜோடி மாறி, மறுபடி முதலிலிருந்து.

பழையபலகை

எழுதியதை அழிப்பதா? எங்கள் காலத்தில் எழுதியதைக் காப்பாற்றுவதற்குத்தான் பாடுபட்டோம்.

நள்ளிரவு_கம்பைலர்

முதல் சுற்றில் எல்லோருக்கும் கை வராது ஐயா. ஒருவர் திருட்டுத்தனமாக யூஎஸ்பியில் நகல் எடுத்துக் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார். மூன்றாவது சுற்றில் கவனித்தால், முடிக்க வேண்டும் என்ற பதற்றம் போய், "இந்த முறை 'இஃப்' இல்லாமல் எழுதிப் பார்ப்போமா" என்று பேச ஆரம்பித்திருப்பார்கள். இருபது வருட அனுபவசாலியும் கற்றுக்குட்டியும் ஒரே விசைப்பலகையில் உட்காருவது வேறு எங்கே நடக்கும்?

மல்டிமீட்டர்

நடுவில் ஒரு சந்தேகம். கம்பிச்சுருள், எல்இடிக்கு என்ன ரெசிஸ்டர் போட்டீர்கள்?

கம்பிச்சுருள்

220 ஓம். 3.3 வோல்ட்டில் சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட் போக மிச்சம் 1.3. ஆறு மில்லிஆம்பியர் வரும். ஏன்?

மல்டிமீட்டர்

ஒன்றுமில்லை. சிலர் ரெசிஸ்டரே போடாமல் நடத்துகிறார்கள், அதனால் கேட்டேன். நிம்மதி.

கம்பிச்சுருள்

இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வந்திருக்கிறேன். 

பயிலரங்குக்கு இருக்கை 24 என்று கட்டுப்படுத்தினோம். ஆறு பேருக்கு ஒரு உதவியாளர். அரை மணி முன்பே கதவைத் திறந்து, நிறுவல் மட்டும் செய்ய வருகிறவர்கள் வரலாம் என்று அறிவித்தோம். பென்டிரைவ், பச்சை டேப் கேபிள், ஒட்டுத்தாள் எல்லாம் தயார். முதல் எல்இடி 12-ஆவது நிமிடம். கடைசி எல்இடி 26-ஆவது நிமிடம். அந்தக் கடைசி ஆள் மின்ன வைத்ததும் பக்கத்து மேசைக்காரர்கள் கைதட்டினார்கள், அது திட்டத்தில் இல்லை. வலைப்பக்கம் வரை 17 பேர் வந்தார்கள். வெப்ப உணரியை மாற்றிச் செருகி ஒன்று சுட்டுவிட்டது. படிவத்தில் நட்சத்திரத்தை எடுத்துவிட்டு "எந்தப் படியில் விட்டுப்போனது?" என்று ஒரே கேள்வி வைத்தோம். ஒன்பது பேர் ஒரே படியை எழுதியிருக்கிறார்கள். ஐ2சி முகவரி, அதாவது போர்டு உணரியை அடையாளம் காணும் எண். அந்தப் படியை இப்போது மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் உரைநாள். மூன்று குட்டி உரை. 21 பேர். ஒரு உரை சரியாகப் போகவில்லை. ப்ரொஜெக்டரில் கறுப்புப் பின்னணியில் சாம்பல் எழுத்து, முதல் வரிசைக்கே தெரியவில்லை. பேசியவர் முகம் வாடிவிட்டது. அடுத்த முறை முன்கூட்டியே கடைசி வரிசையில் நின்று பார்க்கச் சொல்ல வேண்டும், அது எங்கள் தவறுதான். இன்னொரு உரை, ஒரு கல்லூரிப் பெண் கிட் (நிரலின் பழைய பதிப்புகளைக் காக்கும் மென்பொருள்) களஞ்சியத்தில் சேமித்த வேலையைத் தொலைத்துவிட்டு, ரிஃப்லாக் என்ற அதன் பதிவேடு வழியாக மீட்ட கதை. ஐந்து நிமிட உரைக்கு முப்பது நிமிடக் கேள்வி.

பின்வரிசை, நீங்கள் இங்கே எழுதியதை, பெயர் சொல்லாமல், எங்கள் உதவியாளர்களுக்குப் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பின்வரிசை

கோபம் இல்லை. நானும் இங்கே ஒரு குழுவில் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறேன். என் வேலை சிவப்பு ஒட்டுத்தாளைத் தேடிப் போவது.

மல்டிமீட்டர்

அதெல்லாம் சரி. பச்சை டேப் கேபிள் எத்தனை கொண்டுபோனீர்கள், எத்தனை திரும்பி வந்தது?

கம்பிச்சுருள்

30 கொண்டுபோனோம். 23 திரும்பியது.

மல்டிமீட்டர்

பரவாயில்லை, எனக்கு இதைவிட மோசம்.